மாந்தோப்பு பங்களாவின் பின்வாசல்

புதுக்கோட்டைக்கு வெளியே, திருவரங்குளம் போகிற ரோட்டில் மாந்தோப்பு பங்களா இருந்தது. அரண்மனைக்கு உறவுக்காரர் ஒருவர் காற்று வாங்கக் கட்டிய வீடு. ஊருக்கு அவர் ‘துரை’. ராக்கன் அங்கே கேட்டுக்காரர். காரில் வருகிறவர்களுக்குக் கேட்டைத் திறந்துவிட வேண்டும். நடந்தோ மாட்டுவண்டியிலோ வருகிற ஊர்க்காரர்களை மதிலைச் சுற்றிப் பின்வாசலுக்கு அனுப்ப வேண்டும். முன்படியில் அவர்கள் கால் படக்கூடாது. ராக்கன் காலும் பட்டதில்லை.

“இங்கிட்டு இல்ல, அங்கிட்டு!” என்பார், சமஸ்தானமே தன் மீசையில் தொங்குகிற தோரணையில்.

நாற்பத்தெட்டில் சமஸ்தானத்தை இந்தியாவோடு சேர்த்துவிட்டார்கள். துரை சாமான்களை ஏற்றிக்கொண்டு சென்னைக்குப் போய்விட்டார். ராக்கன் மட்டும் நின்றார். கொஞ்ச நாளில் லாரி லாரியாக நெல் வந்தது. துரை சதிராட்டம் பார்த்த கூடத்தில் மூட்டை அடுக்கினார்கள். கூட வந்த அதிகாரிக்கு மூக்கிலேயே பேச்சு.

“யாருய்யா நீ?”

“கேட்டுங்க.”

“கேட்டு அந்தா நிக்குது. நீ யாருங்கறேன்?”

“அதத் தொறக்குறவனுங்க.”

“சரி, தொறந்துக்கிட்டே இரு.”

அவ்வளவுதான், சர்க்கார் உத்தியோகம்!

ஐம்பதுகளில் நெல் போய் வட்டார வளர்ச்சி ஆபீஸ் வந்தது. புது அதிகாரி ஜீப்பிலிருந்து இறங்கும்போதே பிரசங்கம் செய்தார். “மிஸ்டர் ராக்கன், இனிமே இது ஜனங்களோட வீடு!” ஜனங்களுக்கு முன்பாகக் கோழிகள் குடிவந்தன, ஊருக்கு வளர்க்கக் கொடுக்க வந்த சீமைக் கோழிகள். ராக்கன் வீட்டுக்கு ஓடினார்.

“அடியே, தொர குளிச்ச தொட்டியில கோழி படுத்திருக்குடி!”

அவர் மனைவி பிச்சையம்மாள் உலையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “கோழியாவது தெனம் படுக்குது. ஒங்க தொர வருசத்துக்கு ரெண்டு நாளு வந்தாரு.”

மனு கொடுக்க வந்த ஜனங்களையும் ராக்கன் பின்வாசலுக்குத்தான் அனுப்பினார். அங்கே ஒரு குமாஸ்தா உட்கார்ந்திருந்ததால் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை.

அறுபத்தொன்றில் ஆபீசும் போனது. வெள்ளையடித்து, உள்ளே செங்கல் வேலை பார்த்து, பிள்ளைப்பேறு ஆஸ்பத்திரி ஆக்கினார்கள். ராக்கன் கேட்டை விட்டு நகரவில்லை. நர்ஸ் செபமாலை தெற்கத்திக்காரி. வாரம் ஒருமுறை கேட்டுக்கு வந்து இடுப்பில் கைவைத்து நிற்பாள்.

“என்ன தாத்தா, ஒங்க ஊர்ல பொம்பளைங்க பிள்ளையே பெற மாட்டாளுவளா? கட்டிலெல்லாம் காலியாக் கெடக்கே!”

வண்டி வண்டியாகப் பின்னால் அனுப்புகிறோமே, இந்தம்மாவுக்குப் பார்வை மட்டோ என்று ராக்கன் நினைத்துக்கொள்வார். உத்தியோகத்தில் பெரியவர்களை எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. சும்மா சிரித்துவைப்பார்.

அவர் மகள் காத்தாயிக்கு முதல் பிள்ளை வீட்டில் பிறந்து தங்கவில்லை. இந்தப் பிள்ளை ஆஸ்பத்திரியில்தான் என்று எல்லாரையும் அதட்டிச் சம்மதிக்க வைத்தவர் ராக்கன்தான். ஒரு நாள் காலையில் மருமகன் மலையாண்டி வண்டியை விரட்டிக்கொண்டு வந்து கேட்டில் நிறுத்தினான்.

“மாமா, தொறங்க! வலி கூடிப்போச்சு.”

“பின்னாடி ஓட்டுங்க மாப்ள.”

“படி இந்தா இருக்கே மாமா!”

“கேட்டுக்காரன் மகளே முன்படி ஏறுனா, நாளைக்கு ஊரு என்னய மதிக்குமா? சுத்திப் போங்க.”

வண்டிக்குள்ளிருந்து காத்தாயி முனகினாள். “அப்பா, முடியலப்பா.”

“இந்தா வந்துருச்சுத்தா. திரும்புனா வாசல்.”

வண்டி மதிலோரம் திரும்பியது. ராக்கன் கேட்டுக் கம்பியைப் பிடித்துக்கொண்டு குலதெய்வத்தைக் கும்பிட்டார். பின்னாலிருந்து தொம் தொம்மென்று சத்தம். பிறகு காத்தாயி போட்ட கூச்சலில் தோப்புக் காக்கையெல்லாம் எழும்பின.

ஓடினார். மதிலைத் தாண்டித் திரும்பினார். பின்வாசல் இல்லை. கதவு இருந்த இடத்தில் செங்கல் வைத்து அடைத்துப் பூசி, வெள்ளையடித்திருந்தது. மலையாண்டி அந்தச் சுவரைத்தான் இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தான்.

“வாசல் எங்க மாமா? வாசல் எங்க?”

சுவரோரமாகப் போன வண்டித்தடம் ஊருணிக்கரையில் ஏறி மறுபடி ரோட்டில் சேர்ந்தது. பழைய தடம், புதுத்தடம் என்று ஒன்றின் மேல் ஒன்றாக எத்தனையோ.

ராக்கன் திரும்பி ஓடினார். முன்படியில் செருப்போடு ஏறினார். “அம்மா! எம்மகம்மா!” என்று அவர் கத்தியதில் செபமாலை கையில் கத்தரிக்கோலோடு பறந்து வந்தாள்.

பிள்ளை வண்டிக்குள்ளேயே, வைக்கோல் மேல் பிறந்தது. அழவில்லை. செபமாலை காலைப் பிடித்துத் தலைகீழாகத் தூக்கித் தட்டினாள். இன்னொரு தட்டு. வீலென்றது.

மத்தியானம் காத்தாயி கட்டிலில் படுத்திருந்தாள். பிள்ளையைத் துடைத்துக்கொண்டே செபமாலை கேட்டாள்: “வாசப்படிய விட்டுட்டு அந்தச் செவுத்துகிட்ட எதுக்குப் போனீங்க?”

காத்தாயி தகப்பனைப் பார்த்தாள்.

“இன்னிக்கு மட்டுந்தானாப்பா? முன்னாடி வந்தவளுகளையும் அங்கிட்டுத்தான் அனுப்புனியா?”

செபமாலையின் கை நின்றது.

ராக்கன் சன்னல் வழியாக ரோட்டைப் பார்த்தார். முந்தின நாள் வந்த வண்டியில் சின்னப் பெண் ஒருத்தி, வழி சொன்னதற்காக, அந்த வலியிலும் அவரைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுப் போனாள். எந்த ஊர் என்று அவர் கேட்டிருக்கவில்லை.