பத்து நிமிஷக்காரர்

"பத்து நிமிஷம்தான் சார். அந்த வளைவு தாண்டினா தண்ணிச் சத்தம் கேக்கும்" என்று சொல்லியபடியே ஒரு கூழாங்கல்லை எடுத்து இடப்பக்க டப்பாவில் போடுகிறார். அருவிக்கு ஏறுகிறவர் ஒவ்வொருவருக்கும் ஒரு கல். ஆள் இறங்கி வந்ததும் கல் வலப்பக்க டப்பாவுக்கு மாறும். மாலை நான்கு மணிக்கு இடப்பக்க டப்பா காலியாக இருந்தால்தான் அவர் காட்டுக் கேட்டைப் பூட்டிவிட்டு வீட்டுக்குப் போகலாம். இரண்டுமே பழைய பிஸ்கட் டப்பாக்கள்.

வனத்துறைக் காவலாளியான அவரை மலையடிவாரத்தில் எல்லோரும் பத்து நிமிஷக்காரர் என்றே அழைக்கிறார்கள். ஒல்லிப் பையன்களுக்கும் பத்து நிமிஷம், இடுப்பில் குழந்தையோடு வருகிறவளுக்கும் பத்து நிமிஷம். முதல் தடவை நானும் நம்பி ஏறினேன். முழுசாக ஒரு மணி நேரம் ஆயிற்று. ஒவ்வொரு காலிலும் நாலைந்து அட்டைகள். ஒரு கை பார்த்துவிடுவது என்று இறங்கி வந்தால், மனிதர் அத்தனை பாசமாக, "தண்ணி இன்னிக்கு எப்படி சார்?" என்று கேட்டார். சண்டையை மறந்து கால் மணி நேரம் வர்ணித்துவிட்டேன். மறுநாள் அதே வர்ணனையை, என் பாறையும் என் சாரலும் உட்பட, வேறொருவருக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நான் நிற்பதைப் பற்றி அவருக்குக் கூச்சமே இல்லை.

"ஒரு மணி நேரம்னு சொன்னா யாரு சார் ஏறுவாங்க? இந்த போர்டு முன்னால நின்னு படம் எடுத்துட்டுப் போயிடுவாங்க. அருவி பாவம், அது பாட்டுக்குச் சும்மா விழுந்துக்கிட்டு இருக்கும்."

அந்த மலையில் அவருக்குத் தெரியாதது இல்லை. பனி எந்தச் சரிவில் முதலில் இறங்கும், குகையில் வௌவால் எந்த மாதம் அடையும், சாரலில் வானவில் எத்தனை மணிக்கு விழும் என்று எதைக் கேட்டாலும் பதில் இருக்கிறது. அருவிக்கு எத்தனை அடுக்கு என்று கேட்டபோதுதான் கொஞ்சம் யோசித்தார். "நாலுன்னு சொல்றவங்களும் இருக்காங்க. ஆனா மெஜாரிட்டி மூணு."

மெஜாரிட்டியின் ரகசியத்தை அவர் மனைவிதான், சாப்பாட்டுத் தூக்கை வைத்துவிட்டுப் போகும்போது, உடைத்தார். "இவரு எங்க சார் அருவியப் பாத்தாரு? பதினோரு வருஷமா கேட்டத் தாண்டினதே இல்ல. லீவு நாள்ல வாங்கன்னா முட்டி வலிம்பாரு."

அவர் தூக்கின் மூடியைத் திறப்பதில் மும்முரமாக இருந்தார். மேலே ஒரே ஒரு ஆள் இருந்தாலும் கேட்டை விட்டு நகரக் கூடாது என்பது உத்தரவு. எல்லோரும் இறங்கிவிட்டால் பூட்டியாக வேண்டும். அவர் எப்போது ஏறுவது?

போன வாரம் நான் பக்கத்தில் இருந்தபோது, நான்கு மணிக்கு இடப்பக்க டப்பாவில் ஒரு கல் மிச்சம். பதினோரு வருஷத்தில் அப்படி நடந்ததில்லை. கவிழ்த்துப் பார்த்தார், குலுக்கிப் பார்த்தார். கல் ஒன்றுதான்.

"குடைக்காரரு" என்றார். அவருக்குப் பெயர்கள் தெரியாது. எந்தக் கல் யாருடையது என்று தெரியும். மதியம் ஒரு பருத்த மனிதர் குடையை ஊன்றிக்கொண்டு வந்து மூன்று தடவை தூரம் கேட்டாராம். இரவு ஒருவர் காட்டில் தங்கிவிட்டால் காவலாளிக்கு வேலை போய்விடும். அந்தப் பேச்சையே அவர் எடுக்கவில்லை. "இங்க நிக்கும்போதே மூச்சு வாங்கிச்சு சார் அந்த மனுஷனுக்கு. நான்தான் பத்து நிமிஷம்னு அனுப்பி வச்சேன்" என்றார். எனக்கு அப்போது அவர் மேல் இருந்த பழைய கோபமெல்லாம் போய்விட்டது.

"யாரும் மேல போகாம பாத்துக்குங்க" என்று டப்பாக்களை என்னிடம் ஒப்படைத்துவிட்டு ஏறினார். அந்த முட்டிகளை வைத்துக்கொண்டு அவ்வளவு வேகமாக ஒருவர் ஏறி நான் பார்த்ததில்லை.

ஆறு மணிக்கு மேலேயிருந்து வசவு கேட்டது. இவ்வளவு தெம்பாகத் திட்டுகிறவர் நன்றாகத்தான் இருப்பார் என்று எனக்கு மூச்சு வந்தது. குடைக்காரர் முன்னால் வந்தார். குடை இப்போது காவலாளியின் கையில் ஊன்றுகோலாக இருந்தது.

"எதிர்ல இறங்கி வந்தவன் ஒவ்வொருத்தனும் பத்து நிமிஷம்தான்னு சிரிச்சுக்கிட்டே சொல்றான் சார்" என்று குடைக்காரர் என்னிடம் முறையிட்டார். "கடுப்பாகி ஒரு பாறையில உக்காந்துட்டேன். அந்தப் பத்து நிமிஷத்தச் சொன்னவன் வர்ற வரைக்கும் ஏறவும் மாட்டேன், இறங்கவும் மாட்டேன்னு. இவரு வந்து நிக்கறாரு. இன்னும் எவ்வளவு தூரம்யா, உண்மையச் சொல்லுன்னேன். தெரியாது சார், நான் போனதே இல்லங்கறாரு."

"அப்புறம்?"

"இவ்வளவு தூரம் வந்தாச்சுன்னு ரெண்டு பேரும் ஏறினோம். வாட்ச்சப் பாத்துக்கிட்டே போனேன்." அவர் குரல் இறங்கியது. "அங்கேருந்து சரியா பத்து நிமிஷம்."

காவலாளி பெஞ்சில் சரிந்து, முழங்கால்களைப் பிடித்துக்கொண்டு, சட்டையெல்லாம் சாரலில் நனைந்து, வாயெல்லாம் பல்லாக இருந்தார். "மூணு அடுக்குதான் சார்" என்றார்.

பிறகு இடப்பக்க டப்பாவிலிருந்த குடைக்காரரின் கல்லை எடுத்து வலப்பக்கம் போட்டார். பூட்டை எடுத்தவர், அதைக் கீழே வைத்தார். பெஞ்சுக்கு அடியிலிருந்த குவியலில் துழாவி, நல்ல வழுவழுப்பான கல்லாக ஒன்றைப் பொறுக்கினார். அதை இடப்பக்க டப்பாவில் போட்டு, கொஞ்ச நேரம் அங்கேயே இருக்கவிட்டு, எடுத்து வலப்பக்க டப்பாவில் போட்டார்.