எட்டு மணிக் கஞ்சி

தொண்ணூறுகளின் நடுவில் கல்பாக்கம் குடியிருப்பில் எங்களுக்கு இரண்டு அறை வீடு. கணவருக்கு ஷிப்ட் வேலை. எனக்கு ஆய்வகத்தில் அரை மணிக்கொரு தரம் மீட்டரைப் பார்த்து நோட்டில் எழுதும் வேலை. ஒரு வரி விட்டுப்போனால்கூட அன்று எனக்குச் சோறு இறங்காது. அப்பேர்ப்பட்டவள் பெற்ற மகள் விஷயத்தில் எதையும் எழுதி வைக்கவில்லை.

அவளுக்கு ஏழு மாதம். கணவர் வீட்டில் இருக்கும் காலைகளில் அவரே இட்லியைப் பிசைந்து ஊட்டிவிடுவார். அவருக்கு முதல் ஷிப்ட் என்றால் ஆறு மணிக்கே கிளம்பிவிடுவார். அன்றைக்கு மட்டும் நான் எட்டு மணிக்குச் சத்துமாவுக் கஞ்சி கொடுத்துவிட்டு ஆபீஸ் பஸ்ஸைப் பிடிக்க ஓடுவேன். அவர் திரும்பும்வரை குழந்தையைப் பார்த்துக்கொள்ளப் புதுப்பட்டினத்திலிருந்து ஓர் அக்கா வருவார். சத்துமாவு நானே வறுத்து மில்லில் அரைத்தது. பதினோரு சாமான்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

முதல் தடவை பத்தரை மணி வாக்கில் குழந்தை வாந்தி எடுத்தாள் என்று அக்கா சொன்னார். காய்ச்சல் இல்லை, தடிப்பு இல்லை. வயிற்றுக் கோளாறு என்று மருந்து கொடுத்தார்கள். பத்து நாள் கழித்து அவருக்கு அடுத்த முதல் ஷிப்ட் வந்தபோது மறுபடியும். மூன்றாவது தடவை ஆபீஸுக்குப் போன் வந்து ஓடினேன். குழந்தை வெளுத்துப்போய், கழுத்து நிற்காமல் அக்காவின் தோளில் கிடந்தாள். சமையலறையில் அக்காவின் டிபன் பாக்ஸ் திறந்திருந்தது. மீன் குழம்பு வாசனை.

எனக்கு அது போதுமாக இருந்தது. இந்த அக்கா இருக்கும் காலைகளில் மட்டும்தானே வாந்தி?

"மீன் குடுத்தீங்களா?"

"நான் ஏம்மா குட்க்கப் போறேன்? பல்லே மொளைக்காத கொயந்தைக்கு! காலைல நீ இன்னா குட்த்தியோ அதான் அப்டியே வெளிய வந்துச்சி. போன தபாவும் கஞ்சி தாம்மா வந்துச்சி."

"எட்டு மணிக்குக் குடுத்த கஞ்சி பத்தரைக்கா ஒத்துக்காமப் போகும்? ஒத்துக்காதுன்னா குடுத்த உடனே தெரியாதா?"

அக்கா டிபன் பாக்ஸை மூடி எடுத்துக்கொண்டு போனார். நாளையிலிருந்து வர வேண்டாம் என்று அவர் முதுகைப் பார்த்துத்தான் சொன்னேன்.

அதோடு விட்டேனா? மறுநாள் பஸ்ஸில் பக்கத்து சீட்டுக்காரியிடம் சொன்னேன். "கை சுத்தம் போதாது, குழந்தைக்குக் கண்டதையும் குடுக்குது." ஊர் வாயை மூட உலைமூடி இல்லை என்பார்கள். அந்த வாயைத் திறந்துவிட்டவளே நான். ஒரு வாரத்தில் குடியிருப்பில் அக்கா வேலை பார்த்த மற்ற இரண்டு வீடுகளும் அவரை நிறுத்திவிட்டன.

அடுத்த முதல் ஷிப்டுக்கு நான் லீவு போட்டேன். எட்டு மணிக்கு நிதானமாகக் கஞ்சி ஊட்டினேன். ஒன்பதுக்குச் சிரித்தாள். பத்துக்கு என் வளையலைக் கடித்துக்கொண்டிருந்தாள். பத்தரைக்கு என் மடியிலேயே வாந்தி எடுத்தாள். ஒரு தரமல்ல, எட்டு ஒன்பது தரம். கை கால் சில்லிட்டுப் போயிற்று. வீட்டில் வேறு யாரும் இல்லை. பழிபோட ஆள் இல்லை.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். அந்த டாக்டரம்மா என்ன கொடுத்தீர்கள் என்பதோடு நிறுத்தவில்லை. எத்தனை மணிக்கு என்றும் கேட்டார். நான் சொன்னதும் பேனாவைக் கீழே வைத்தார்.

"சில குழந்தைங்களுக்கு உடனே தடிப்பு வராதும்மா. ரெண்டு மூணு மணி நேரம் கழிச்சு இப்படி வாந்தியாத்தான் வரும். இன்னும் சிலருக்கு மறுநாள்கூட ஆகும். புதுசா ஒண்ணு குடுத்தா ரெண்டு மூணு நாள் பொறுத்துத்தான் அடுத்தது. எழுதி வைங்க. நீங்க பதினொண்ணையும் ஒண்ணா அரைச்சா, எதுன்னு நான் கண்டுபிடிக்கிறது?"

எழுதி வைங்க. என்னிடம் சொல்கிறார்.

மாவை எடுத்துக் கொட்டினேன். பிறகு ஆஸ்பத்திரியில் வைத்தே சிறிது சிறிதாகக் கொடுத்துப் பார்த்ததில் கோதுமை என்று தெரிந்தது. சத்துக்கு என்று இரண்டு பங்கு போட்டிருந்தேன். பழி ஓரிடம், பாவம் ஓரிடம்.

அக்காவைத் தேடிப் போயிருக்க வேண்டும். போகவில்லை. இந்த ஞாயிறு, அடுத்த ஞாயிறு என்று தள்ளினேன். வெட்கம்தான், வேறு காரணம் சொன்னால் பொய். பஸ்ஸிலும் நான் சொன்னது தப்பு என்று யாரிடமும் சொல்லவில்லை.

மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கோதுமை ஒத்துக்கொள்ள ஆரம்பித்திருந்தது. புதுப்பட்டினம் மார்க்கெட்டில் வாழைப்பழக் கூடைக்குப் பின்னால் அக்கா உட்கார்ந்திருந்தார். என்னை விட்டுவிட்டு மகளைத்தான் முதலில் பார்த்தார்.

"நம்ம கொயந்தையா இது? நல்லா வளந்துகீதே!"

"அக்கா, நீங்க சொன்னதுதான் சரி. என் கஞ்சிதான். கோதுமை ஒத்துக்கல. நான்தான் தப்பாப் பேசிட்டேன்."

"சர்தான் வுடும்மா. கொயந்த நல்லா கீது, இல்ல?"

மகள் கூடையைக் காட்டிப் பழம் கேட்டாள். அக்கா சட்டென்று ஒரு பழத்தைப் பிய்த்துத் தோலைப் பாதி உரித்தார். குழந்தையின் வாயருகே கொண்டுபோன கை அப்படியே நின்றது. பழத்தை என் கையில் வைத்தார்.

"நீ குடும்மா. உன் கையால குடு."

கொடுத்தேன். மகள் தின்று முடிக்கும்வரை அக்கா இரண்டு கைகளையும் முந்தானைக்குள் வைத்துக்கொண்டிருந்தார்.