விடுபட்ட மூன்றாம் பருவத் தாள்

என் மருமகள் சுவிஸ் நாட்டின் பாடன் நகரில் மின்மாற்றிகள் செய்யும் தொழிற்சாலையொன்றின் சோதனைக்கூடத்தில் பணிபுரிகிறாள். பகலில் வேலை, மாலையிலும் சனிக்கிழமையிலும் படிப்பு என்று மூன்று ஆண்டுகள் உழைத்து உயர்தொழிற்கல்லூரியொன்றில் மின்னியல் பட்டயம் பெற்றவள். அதனோடு அமையாமல் பொறியியல் பட்டமும் பெற வேண்டும் என்று சென்ற ஆண்டு முடிவெடுத்தாள். கல்லூரியில் தேறிய பாடங்களைப் பல்கலைக்கழகம் ஏற்றுக்கொண்டால் அவற்றை மீண்டும் படிக்க வேண்டியதில்லை; முதலாம் ஆண்டைக் கடந்து நேரே இரண்டாம் ஆண்டில் சேரலாம். எல்லாரும் 'கிரெடிட்' என்று வழங்கும் மதிப்பலகுகளைப் பாடம் பாடமாக நோக்கியே அதை முடிவு செய்வர்.

அந்த ஓராண்டில்தான் அவளுடைய எண்ணம் முழுவதும் தங்கியிருந்தது. வேலைநேரத்தைக் குறைத்துத் தரத் தொழிற்சாலை இசைந்தது மூன்று ஆண்டுகளுக்கு மட்டுமே. நான்காம் ஆண்டும் தேவைப்படுமாயின் பட்டப்படிப்பையே கைவிட நேரும்.

விண்ணப்பக் கோப்பை ஒழுங்கு செய்யும் பணியை நானே கேட்டு வாங்கினேன். இன்டர்லாக்கன் விடுதியொன்றின் சமையலறையில் நெடுங்காலம் நின்றவன் எனினும், அதற்கு முன் யாழ்ப்பாணத்தில் பள்ளியாசிரியனாக இருந்தவன் நான். தாள்களை அடுக்கித் துளையிட்டுத் தலைப்பெழுதுவதில் இன்றும் எனக்கு ஒரு பெருமிதம் உண்டு. இங்கே 'சொய்க்னிஸ்' எனப்படும் பெறுபேற்றுத் தாள்கள் ஆறு பருவங்களுக்கும் ஆறு இருந்தன. ஐந்து தாள்களில் ஐந்தும் ஐந்தரையுமாகப் புள்ளிகள் பொலிந்தன. மூன்றாம் பருவத் தாளில் மட்டும் கணிதத்திற்கு நான்கு, இயற்பியலுக்கும் நான்கு. ஆறு உச்சப் புள்ளி. நான்கு, தேறியோர் பெறும் கடைசிப் புள்ளி.

எங்கள் காலத்தில் குறைந்த புள்ளியை எவரும் வெளியே எடுத்துக் காட்டியதில்லை. உயர்தரத் தேர்வில் எனக்கே ஒரு பாடத்தில் சாதாரண சித்திதான், தேறியோர் பெறும் கடைசித் தரம். கேட்டவர்களிடமெல்லாம் மற்ற மூன்று பாடங்களையும் சொல்லிப் பேச்சை முடித்துவிடுவேன். என் துணைவியைத் தவிர ஒருவரும் அதை அறியார். பட்டயமே முழுப் படிப்பிற்கும் சான்றாக நிற்குமே, இத்தாள் எதற்கு என்று எண்ணினேன். அதை உருவி, லாச்சி என்று நாங்கள் சொல்லும் மேசை இழுப்பறைக்குள் வைத்தேன். மருமகளிடம் சொல்லவில்லை. அவளுக்கு நன்மை செய்வதாகவே நம்பினேன்.

சில கிழமைகளில் மறுமொழி வந்தது. ஏனைய பாடங்கள் ஏற்கப்பட்டன. முதலாண்டுக் கணிதத்திற்கும் இயற்பியலுக்கும் சான்று இல்லை. ஆகவே முதலாம் ஆண்டிலேயே சேர வேண்டும். விடுபட்ட ஆவணம் ஏதேனும் இருப்பின் பத்து நாட்களுக்குள் தரலாம் என்று அடியில் ஒரு வரி இருந்தது. அவள் கடிதத்தை இருமுறை படித்தாள். பிறகு கோப்பின் படியை எடுத்து ஒவ்வொரு தாளாகப் புரட்டினாள்.

"மாமா, மூண்டாம் செமஸ்டர் சொய்க்னிஸ் எங்கை?"

"லாச்சிக்குள்ளை கிடக்கு, பிள்ளை."

"அது ஏன் அங்கை போனது?"

"ரண்டு நாலு கிடந்தது. அதை ஏன் ஆக்களுக்குக் காட்டுவான் எண்டு..."

பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த என் மகன் திரும்பாமலே அவளிடம் சொன்னான்: "லாச்சியை நல்லாக் கிண்டிப் பாரும். என்ர ஆறாம் வகுப்புச் சொய்க்னிஸும் அதுக்குள்ளைதான் கிடக்கும்."

அவள் கோபிக்கவில்லை. "நாலு எண்டாலும் பாஸ்தான், மாமா. இஞ்சை நாலுக்கும் ஆறுக்கும் ஒரே கிரெடிட்."

முப்பது ஆண்டுகளுக்கு மேல் இந்நாட்டில் வாழ்ந்தும் அதை நான் அறிந்திருக்கவில்லை. அதைவிட என்னை வருத்தியது வேறொன்று. அந்த மூன்றாம் பருவத்தில்தான் என் பேர்த்தி பிறந்தாள். பிறந்து மூன்று கிழமைகூட ஆகாத குழந்தையை வண்டியில் வைத்துக்கொண்டு தேர்வு மண்டபத்தின் வெளியே நின்றவன் நான். கணிதத் தேர்வை எழுதிவிட்டு வந்து பால் கொடுத்து, மீண்டும் உள்ளே போய் இயற்பியல் தேர்வை எழுதினாள் அவள். அதைக் கண்ணால் கண்ட நானே அத்தாளை ஒளித்து வைத்தேன்.

பாடநெறித் தலைவரை நேரில் காண அவள் நேரம் கேட்டு வாங்கினாள். தவறு என்னுடையதாகையால் நானும் உடன் சென்றேன். தொடருந்தில் அமர்ந்து, சொல்ல வேண்டியவற்றைச் செருமன் மொழியில் மனத்துக்குள் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் அதைக் கண்டுகொண்டாள்.

"மாமா, உள்ளுக்கு வாங்கோ. ஆனா பிள்ளை பிறந்த கதையை மட்டும் எடுக்காதேங்கோ."

"ஏன் பிள்ளை? அதுதானே காரணம்."

"கேட்டா சொல்லுவம். கேக்காமல் நாங்களாச் சொன்னா, நாலு போதாது எண்டு நாங்களே ஒத்துக்கொண்ட மாதிரிப் போயிடும்."

பாடநெறித் தலைவர் நடுவயது கடந்த அம்மையார். அவருடைய மேசையில் நூல்களுக்கிடையே ஒரு மிதிவண்டித் தலைக்கவசம் கிடந்தது. தாளை வாங்கிக் கல்லூரியின் பாடவிவரத்தோடு ஒப்பிட்டார். இது ஏன் முன்னமே வரவில்லை என்று வினவினார். கோப்பில் விடுபட்டுவிட்டது என்றாள் மருமகள். என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. விட்டவன் நான், நான்கு என்ற புள்ளியைக் கண்டு வெட்கப்பட்டுவிட்டேன் என்று நானே சொன்னேன். அம்மையார் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். அந்தப் புள்ளிக்குப் 'போதுமானது' என்றுதானே நாங்கள் பெயர் வைத்திருக்கிறோம் என்றார். அவர் குரலில் ஏளனம் இல்லை. உள்ளதை உள்ளபடி உரைக்கும் இந்நாட்டாரின் இயல்பே அதில் இருந்தது.

பிறகு மருமகளின் சோதனைக்கூட வேலையைப் பற்றிக் கேட்டார். அவள் ஒரு வெற்றுத் தாளை இழுத்து, மின்மாற்றியில் ஆற்றல் எங்கெங்கே வீணாகிறது, அதை எவ்வாறு அளக்கிறார்கள் என்று வரைந்து காட்டினாள். இருவரும் சுவிஸ் செருமனில் விரைந்து பேசியதில் பாதி எனக்கு எட்டவில்லை. ஓரிடத்தில் அம்மையார் ஒரு சமன்பாட்டை மறித்துக் கேட்டார். இது அன்று எனக்கு விளங்கவில்லை, வேலையில்தான் விளங்கியது என்று அவள் தயக்கமின்றிச் சொன்னாள். குழந்தையின் கதை என் நாவின் நுனியில் நின்றது, அங்கேயே நிறுத்திக்கொண்டேன். இரங்கத்தக்க ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டே அதைப் பயன்படுத்தாதிருக்க எத்துணை உறுதி வேண்டும் என்பதை அந்த அறையில்தான் கண்டேன்.

இயற்பியல் முழுமையாக ஏற்கப்பட்டது. கல்லூரிக் கணிதத்தில் சில பகுதிகள் இல்லாமையால், கோடையில் நடக்கும் இரு கிழமை மீள்பயிற்சிக்கு வந்தால் அதுவும் ஏற்கப்படும். அவள் தன் விடுமுறையை அதற்கென ஒதுக்கினாள். இலையுதிர்காலத்தில் இரண்டாம் ஆண்டில் அமரலாம் என்று உறுதிக் கடிதம் வந்தபோது அதை என்னிடமே நீட்டினாள்.

"இதையும் கோப்பிலை போடுங்கோ, மாமா. அந்தச் சொய்க்னிஸையும்."

"லாச்சித் திறப்பை நான் எடுத்திட்டன்" என்று சாவியைக் காட்டினான் மகன்.

மூன்றாம் பருவத் தாளை இரண்டாவதற்கும் நான்காவதற்கும் இடையே அதற்குரிய இடத்தில் கோத்தேன். பிறகு உணவு மேசையில் அமர்ந்து, என் உயர்தரப் பெறுபேற்றை நான்கு பாடங்களோடும் அவர்களுக்குச் சொன்னேன்.

மருமகள் குழந்தைக்குச் சோறு ஊட்டியபடியே தலையாட்டினாள். "ஓம் மாமா. மாமி எப்பவோ சொல்லிப்போட்டா."