சரசுவின் பகல் தூக்கம்

சரஸ்வதி பகலில் ஆறு மணி நேரம் தூங்க வேண்டும். அவளுடைய அக்கா சம்பங்கி இந்தத் தொழிலுக்கு வந்ததற்கு அது ஒன்றுதான் காரணம்.

அஞ்செட்டியிலிருந்து ஓசூருக்குப் பிழைக்க வந்த குடும்பம். அப்பா திம்மராயன் லோடு ஏற்றும் வேலையில் இடுப்பொடிந்து படுத்துவிட்டார். இரண்டு பெண்களில் ஒருத்தியைத்தான் படிக்க வைக்க முடியும் என்றானபோது, இளையவள் சரசு பிளஸ் டூவோடு தானாகவே நின்றுகொண்டாள். மொபைல் உதிரிபாகம் செய்யும் ஆலையில் சேர்ந்தாள். நைட் ஷிஃப்ட் முடிந்து காலை ஏழு மணிக்கு லைன் வீட்டுக்கு வந்து படுப்பாள். சற்று வெயில் ஏறியதும் தலைக்கு மேலே சிமெண்ட் ஷீட் கொதிக்கும். மூன்று மாதம் தூங்காமல் புரண்டவள், ஒரு நாள் மெஷின் முன்னால் நின்றபடியே கண்ணயர்ந்தாள். இடது கையில் இரண்டு விரல்கள் போயின. புண் ஆறியதும் அதே ஆலைக்கு, அதே நைட் ஷிஃப்டுக்கே திரும்பினாள்.

அப்போது சம்பங்கி சிவில் இன்ஜினியரிங் மூன்றாம் ஆண்டு. பாலம் கட்டும் கனவை அன்றே மூட்டை கட்டினாள். ஏசி இல்லாமல், கரண்ட்டை விழுங்காமல் ஒரு கட்டடத்தை எப்படிக் குளிர வைப்பது என்பதையே தேடித் தேடிப் படித்தாள். அத்திப்பள்ளி தாண்டி பெங்களூரில் அதே வேலை செய்யும் நிறுவனத்தில் சேர்ந்தாள். தெய்வம் கண் திறந்ததுபோல, முதல் வேலையே சரசுவின் ஆலைக்குப் பெண்கள் விடுதி.

வெயில் அறையும் பக்கம் இரட்டைச் சுவர் வைத்தாள். சூடான காற்று மேலேறிப் போக நடுவில் திறந்த முற்றம். கூரையில் வெள்ளை ஓடு, அதன்மேல் சோலார் தகடுகள். அறைக்கு ஆறு கட்டில், ஆறு பேர். சித்திரை மதியம் வெளியே முப்பத்தாறு டிகிரி, அறைக்குள் இருபத்தெட்டு. அந்த எண்ணைப் பார்த்து விம்மி விம்மி அழுதாள். முதல் அறையில் சன்னலோரக் கட்டில் சரசுவுக்கு என்று பட்டியலும் ஒட்டியாயிற்று.

திறப்பு விழாவுக்கு நான்கு நாள் இருக்கையில், ஆலையின் நிர்வாக மேலாளர் ராஜசேகர், கட்டடத்தை வடிவமைத்தவள் என்று அவள் கையெழுத்துப் போட வேண்டிய ஒரு தாளை நீட்டினார். அறைக்கு ஆறு பேர் என்ற இடத்தில் பன்னிரண்டு பேர் என்று இருந்தது. கட்டில் மட்டும் ஆறேதான்.

"பகல்லயும் ரூம் ஜில்லுன்னு இருக்குதுன்னு நீதானம்மா எழுதிக் குடுத்த? ராத்திரி ஆறு பேரு, பகல்ல ஆறு பேரு. கட்டில் எதுக்குச் சும்மா கெடக்கணும்?"

ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் எங்கே படுப்பார்கள், ஒருத்திக்குக் காய்ச்சல் வந்தால் என்ன செய்வாள், நாளெல்லாம் ஆள் நிறைந்திருந்தால் சுவர் எப்போது ஆறும் என்றெல்லாம் சம்பங்கி கேட்டுப் பார்த்தாள். அவர் மூடியைக் கழற்றிப் பேனாவைத் தாளின்மேல் வைத்தார். அவள் கையெழுத்துப் போடாமல் எழுந்து வந்தாள்.

அவர் கோபப்படவே இல்லை. மறுநாள் அவளுடைய நிறுவனத்திலேயே வேறொருவர் கையெழுத்துப் போட்டார். விடுதி திறந்த அன்று, பட்டியலில் சரசுவின் பெயர் மட்டும் கோடு போட்டு நீக்கப்பட்டிருந்தது.

மானத்தை விட்டு ராஜசேகரிடம் ஓடினாள் சம்பங்கி. இப்போது கையெழுத்துப் போடுவதாகச் சொன்னாள், கும்பிட்டாள்.

"இப்ப எதுக்கும்மா? அந்த வேலைதான் முடிஞ்சிருச்சே" என்றார், செல்போனிலிருந்து நிமிராமல்.

மறுநாள் காலை சரசு வேலை முடிந்து லைன் வீட்டுக்கே வந்து, சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்தாள்.

"பாதிக் கட்டிலாச்சும் கெடைச்சிருக்கும்க்கா. உனக்கு உன் நியாயம் பெருசாப் போச்சு."

சம்பங்கி ஏதோ சொல்ல வாயெடுத்தாள்.

"பேசாத. நான் தூங்கணும்."

சம்பங்கி வெளியே வந்தாள். கதவைத் திறந்து வைத்தால் சந்தின் இரைச்சல் முழுவதும் உள்ளே போகும். சாத்தினால் சரசு புழுங்கிச் சாவாள். எத்தனையோ அறைகளுக்குக் காற்றுக் கணக்குப் போட்டவள், கதவைப் பிடித்தபடி வெகுநேரம் அங்கேயே நின்றாள்.