சட்டைக் கைக்குள் மூன்று தையல்

டேப் அக்கா என்றால்தான் அந்த ஆஸ்பத்திரியில் தெரியும். கல்லீரல் மாற்று ஆபரேஷனுக்குக் காத்திருப்பவர்கள் உடம்பில் தெம்பு எவ்வளவு மிச்சம் என்று அளந்து சொல்லும் உணவு நிபுணர். பதினெட்டு வருடமாகக் கழுத்தில் டேப்தான் மாலை. எடை மெஷினை மட்டும் நம்பவே மாட்டார். "அது பச்சையா பொய் சொல்லும்" என்பார்.

அன்று வந்த பஸ் டிரைவரின் மனைவிக்கு முகமெல்லாம் சிரிப்பு. "மூணு கிலோ ஏறியிருக்காரு மேடம்!"

"வயித்துல தண்ணி கோத்திருக்கும்மா. அது கணக்குல வராது."

பிடியின் பலம் காட்டும் கருவியை டிரைவரிடம் கொடுத்து அழுத்தச் சொன்னார். முப்பது வருடம் ஸ்டியரிங் வளைத்த கை. முள் கொஞ்சம் அசைந்து நின்றுவிட்டது.

"இது ரிப்பேரா?" என்று கருவியை முறைத்தார் மனுஷன்.

புஜத்தை அளக்கச் சட்டைக் கையைச் சுருட்டியபோது டேப் அக்கா கண்ணில் பட்டது: உள்ளே ஒன்றையடுத்து ஒன்றாக மூன்று தையல், மூன்று நிற நூல். டிரைவரை ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மனைவியைப் பார்த்தார்.

"மாசாமாசம் சட்டை தொளதொளன்னு ஆச்சு மேடம். மெலிஞ்சது தெரிஞ்சா மனசு விட்டுடுவாரேன்னு, அவர் குளிக்கப் போற நேரமாப் பார்த்துப் பிடிச்சுத் தெச்சுடுவேன்."

"சாப்பாடு?"

"கஞ்சிதான். ஈரலுக்கு ஓய்வு கொடுக்கணும்னாங்க. முட்டை, பருப்பு எல்லாம் நிறுத்திட்டேன்."

டேப் அக்காவுக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும். அன்று வரவில்லை. பாவம், அவளை என்ன சொல்ல? ஊரில் ஆளுக்கு ஆள் வைத்தியர்.

"இந்த உடம்பு ஆபரேஷனைத் தாங்காதும்மா. ஆபரேஷன் லிஸ்ட்ல பேரை நிறுத்தி வெச்சிடுவாங்க. முட்டை, பருப்பு, தயிர், மூணு மணிநேரத்துக்கு ஒருதரம் கொடுங்க. வெறும் வயித்தோட படுக்க விடாதீங்க. ஆறு வாரத்துல மறுபடி அளப்போம்."

"நானே என் கையால பட்டினி போட்டுட்டேனே" என்று அவள் உடைந்து அழுதாள்.

ஆறு வாரம் கழித்து எடை இரண்டு கிலோ குறைந்திருந்தது. நீர் வடிந்திருந்தது, அவ்வளவுதான். டிரைவருக்கோ முகம் தொங்கிப்போனது. டேப் அக்கா சட்டைக் கையைச் சுருட்டினார். உள்தையல் ஒன்று பிரிக்கப்பட்டு, ஊசித் துளைகள் மட்டும் வரிசையாக இருந்தன. புஜம் ஒரு சென்டிமீட்டர் கூடியிருந்தது, முள்ளும் ஏறியது. 'லிஸ்டில் நீடிக்கலாம்' என்று ஃபைலில் எழுதினார்.

"கை இறுக்குதுன்னு நேத்து என்னைக் கன்னாபின்னான்னு திட்டிட்டாரு மேடம்" என்றாள் மனைவி.

திட்டு வாங்கியதை இத்தனை சந்தோஷமாகச் சொன்னவர்களை டேப் அக்கா அதுவரை பார்த்ததில்லை.