ஊக்குக்கு மாற்று

எங்கள் வீட்டில் எந்த நல்ல துணியும் இரண்டு தீபாவளி பார்த்ததில்லை. வசதியான வீடு என்று நினைத்துவிட வேண்டாம். அப்பா பஸ் கண்டக்டர். காஜா பேராங் சாலையிலிருந்து சற்று உள்ளே தள்ளி, அத்தாப்பு ஓலைக் கூரை போட்ட பலகை வீடு. அதில் அப்பா, அம்மா, அப்பாவின் தங்கையான அத்தை, நான். கடைக்குப் போய்ப் புதுத்துணி எடுப்பது அம்மாவுக்குக் கடைசி வழி. அதற்கு முன்னால் அவரிடம் வேறொரு வழி இருந்தது.

அம்மா துணி மாற்றுவார். கட்டி அலுத்துப்போன சேலையைத் துவைத்து, கஞ்சி போட்டு, இஸ்திரி போட்டு, இன்னொருத்தி கட்டி அலுத்துப்போன சேலைக்கு மாற்றிக்கொள்வார். இதை இரவல் என்று யாராவது சொல்லிவிட்டால் பொல்லாத கோபம் வரும். இரவல் வாங்கினால் திருப்பிக் கொடுக்க வேண்டும், கொடுக்கும்வரை கொடுத்தவளைக் கண்ட இடத்திலெல்லாம் பல்லைக் காட்ட வேண்டும். மாற்றிக்கொண்டால் அன்றோடு சரி. அவள் பொருள் என்னுடையது, என் பொருள் அவளுடையது.

எங்கள் தெருவுக்குள் மட்டும் அம்மா மாற்றமாட்டார். கோயிலில், பசாரில், குழாயடியில் அதே கண்கள்தான் பார்க்கும். அதனால் மாற்றல் எல்லாம் தெங்கேராவில் இருந்த பெரியம்மா வழியாக நடந்தது. அம்மாவின் அக்காவான அவருக்கு ஊரெல்லாம் பழக்கம். அங்கங்கே கிடைக்கும் சேலைகளைத் தன் வீட்டில் சேர்த்து வைத்து, இன்னாருக்கு இன்னது என்று பிரித்துத் தலையணை உறைக்குள் திணித்து அனுப்புவார். அப்பாவின் பஸ் அந்த வழியாகப் போவதால் தலையணைக்குப் பயணச் செலவும் கிடையாது.

இந்த வியாபாரத்துக்கு ஒரு சட்டம் உண்டு. வந்த துணி யாருடையது என்று கேட்கக் கூடாது. நம் துணியை வேறொருத்தி கட்டியிருப்பதைப் பார்த்தால் அதன் மேல் கண்ணை நிறுத்தக் கூடாது. பார்த்தும் பார்க்காததுபோல மழையைப் பற்றியோ மீன் விலையைப் பற்றியோ பேசிக்கொண்டு போய்விட வேண்டும். எனக்கு இது வாய்ப்பாட்டுக்கு முன்பே பாடமாகியிருந்தது.

நானும் இந்த மாற்றலில் லாபம் பார்த்தவள்தான். நாட்டுக்கு மெர்டேக்கா, அதாவது சுதந்திரம், கிடைத்த வருடம் எங்கள் பள்ளிக்கூடத்தில் ஊர்வலம் என்றார்கள், எல்லாரும் வெள்ளைக் கவுன் போட்டுக்கொண்டு வர வேண்டும் என்றார்கள். அம்மா என்னைக் கம்போங் செட்டிக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே இருப்பவர்கள் நம்மைப் போலவே திருநீறு பூசுவார்கள், மாரியம்மனைக் கும்பிடுவார்கள், பேச்சு மட்டும் மலாய். ஒரு வீட்டம்மா தன் மகளுக்குச் சின்னதாகிப்போன கவுனை எடுத்து வந்தார். தூய வெள்ளை, இடுப்பில் சிவப்பு ரிப்பன். மாற்றாக அம்மா ஒரு நூல் சேலை கொடுத்தார். கோயில் திருவிழாவுக்குக் கட்டிக்கொள்ளச் சேலை வேண்டுமாம் அவருக்கு. இருவரும் மலாயில் வெகுநேரம் பேரம் பேசினார்கள், நான் கவுனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றேன். அதைப்போல ஒரு நல்ல பொருள் எங்கள் வீட்டில் அதற்கு முன்பு இருந்ததில்லை என்பது என் தீர்மானமான முடிவு.

இப்போது அத்தையைப் பற்றிச் சொல்ல வேண்டும். அத்தைக்கு இருபத்தைந்து வயது நெருங்கிக்கொண்டிருந்தது. அந்தக் காலத்தில் அது வீட்டில் இருப்பவர்கள் வாய்விட்டுச் சொல்லாத வயது. என்னைக் குளிப்பாட்டித் தலை பின்னிப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புவது அத்தைதான். இழுக்காமல், வலிக்காமல் பின்னுவார். அத்தை என்றால் எனக்கு உயிர்.

அவரைப் பெண் பார்க்க அதற்கு முன்பு இரண்டு இடங்களிலிருந்து வந்தார்கள். முதலில் வந்தவர்கள் மாப்பிள்ளைக்கு சைக்கிளும் கைக்கடிகாரமும் கேட்டார்கள். அப்பா தரையைப் பார்த்தார். அடுத்து வந்தவர்கள் ஒன்றும் கேட்கவில்லை. கேசரியை மிச்சம் வைக்காமல் சாப்பிட்டுவிட்டு, சொல்லி அனுப்புகிறோம் என்று போனார்கள். அந்தச் சொல் இன்னும் வழியில்தான் வந்துகொண்டிருக்கிறது.

மூன்றாவதாக, குருபோங் பக்கத்து ரப்பர் தோட்டத்திலிருந்து ஒரு சம்பந்தத்தைத் தெங்கேரா பெரியம்மா சொல்லிவிட்டார். மாப்பிள்ளைக்குத் தோட்டத்து ஆலையில் வேலை. ஊர்வலம் முடிந்து கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. கடைகளில் கட்டிய காகிதக் கொடிகள் மழையில் சாயம் போய்த் தொங்கிக்கொண்டிருந்தன.

அத்தையிடம் இருந்த இரண்டு நல்ல சேலைகளும் ஊர் பார்த்துவிட்ட சேலைகள். "இந்தத் தடவை புதுசா ஒண்ணு இருக்கட்டும்" என்று அம்மா தன் மாம்பழ மஞ்சள் சின்னாளப்பட்டிச் சேலையை எடுத்தார். முந்தானையில் ஒரு முறை இஸ்திரிப் பெட்டியிலிருந்து நெருப்புப் பொறி விழுந்து ஓட்டையாகிவிட்டது. அந்த இடத்தில் சிவப்பு நூலால் ஒரு பூ போட்டு மறைத்திருந்தார். முந்தானை முழுக்க வெறுமையாக இருக்க, மூலையில் அந்த ஒற்றைப் பூ மட்டும் இருக்கும். மஞ்சள் சேலை தலையணை உறைக்குள் போய், அடுத்த வாரமே மயில் நீல ஜார்ஜெட் ஒன்று திரும்பி வந்தது. ஓரத்தில் மெல்லிய வெள்ளிச் சரிகை. அத்தை அதைத் தோளில் போட்டுப் பார்த்துவிட்டு உடனே மடித்து வைத்துவிட்டார். அதிகம் ஆசைப்படப் பயந்தார் என்று இப்போது தெரிகிறது.

அன்று மாப்பிள்ளையும் அவருடைய அப்பாவும் அம்மாவும் வந்தார்கள். என்னை வெள்ளைக் கவுன் போட்டு வாசலில் நிறுத்தியிருந்தார்கள். முதலில் உள்ளே வந்தது மாப்பிள்ளையின் அம்மா. மாம்பழ மஞ்சள் சேலை. கும்பிடக் கையைத் தூக்கியபோது முந்தானை மூலை முன்னால் வந்து விழுந்தது. அதில் ஒற்றைச் சிவப்புப் பூ.

நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா ஏற்கனவே பார்த்துவிட்டிருந்தார். அவர் முகத்தில் ஒன்றும் இல்லை. எனக்கு மட்டும் கண்ணால் ஒரு உத்தரவு வந்தது. நான் சுவரில் மாட்டியிருந்த முருகன் காலண்டரைப் பார்க்க ஆரம்பித்தேன்.

நடந்தது எளிமையான விஷயம். எங்களுக்கு முன்னால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று அவர்களும் பெரியம்மாவிடம் சேலை மாற்றியிருக்கிறார்கள். அவர்களுக்கு முன்னால் நன்றாகத் தெரிய வேண்டும் என்று நாங்களும் மாற்றியிருக்கிறோம். எங்கள் மஞ்சள் அவர்களுக்குப் போயிருக்கிறது. அவர்கள் நீலம் எங்களுக்கு வந்திருக்கிறது. யாருடையது என்று கேட்கக் கூடாது என்ற சட்டத்தை இரண்டு வீடும் மீறவில்லை.

"பஸ்ஸு நேரத்துக்குக் கெடைச்சிச்சா?" என்றார் அப்பா.

"எங்கங்க, மழையில ரோடெல்லாம் சேறு. வந்து சேர்றதுக்குள்ள ரொம்ப சூசாவா போச்சு" என்றார் மாப்பிள்ளையின் அப்பா. ஆண்கள் இருவருக்கும் எதுவும் தெரியவில்லை. சேலை விஷயத்தில் ஆண்களின் கண் அவ்வளவுதான்.

அத்தை தட்டில் கோப்பியை எடுத்துக்கொண்டு வந்தார். மயில் நீலம் அவருக்கு அத்தனை பொருத்தம். மாப்பிள்ளையின் அம்மா நிமிர்ந்து பார்த்தார். அவர் பார்வை அத்தையின் முகத்துக்குப் போகும் வழியில் சேலையில் ஒரு நொடி நின்றது. பிறகு அவரும் முருகன் காலண்டரைப் பார்த்தார். முருகனுக்கு அன்று நல்ல கவனிப்பு.

அத்தை குனிந்து தட்டை நீட்டியபோது ஜார்ஜெட் தோளிலிருந்து வழுக்க ஆரம்பித்தது. இரண்டு கையிலும் தட்டு. கையைத் தூக்கிச் சரி செய்ய முடியாது, தட்டைக் கீழே வைக்க இடமும் இல்லை. முந்தானை மெல்ல மெல்ல இறங்கியது. அத்தை காதுவரை சிவந்து அப்படியே நின்றார். அம்மா எழுந்திருப்பதற்குள் மாப்பிள்ளையின் அம்மா எழுந்துவிட்டார். முந்தானையைத் தூக்கித் தோளில் போட்டார். தன் தாலிக் கயிற்றில் மாட்டியிருந்த ஊக்குகளில் ஒன்றைக் கழற்றினார்.

"இந்தச் சேலை தோள்ல நிக்காது, ஆயி. உள்பக்கமா ரெண்டு மடிப்பையும் சேத்துக் குத்தணும். அப்பத்தான் நிக்கும்" என்று சொல்லிக்கொண்டே குத்திவிட்டார்.

 சட்டம் உடைந்துவிட்டது. இந்தச் சேலையை எனக்குத் தெரியும் என்று அவர் நடு வீட்டில் நின்று சொல்லிவிட்டார். அம்மாவின் முகம் செத்துப்போனது. அத்தைக்கு அப்போதுதான் புரிந்தது. தட்டில் கோப்பைகள் கிணுகிணுத்தன.

அதன் பிறகு கோப்பி குடித்தார்கள். மழையைப் பற்றிப் பேசினார்கள். கிளம்பும்போது மாப்பிள்ளையின் அப்பா, "போய்ச் சொல்லி அனுப்புறோம்" என்றார்.

அவர்கள் முற்றம் தாண்டியதும் அத்தை உள்ளே போய்ச் சேலையை அவிழ்த்தார். அழவில்லை. அழுதிருந்தால் நன்றாக இருந்திருக்கும். "அண்ணி, இனிமே யாரையும் வரச் சொல்லாதீங்க" என்று மட்டும் சொன்னார். அம்மா கீழே கிடந்த ஊக்கை எடுத்து என் கையில் வைத்தார்.

"ஓடு. பஸ் நிக்கிற எடத்துல இருப்பாங்க. இதைக் குடுத்துட்டு வா. ஒரு ஊக்கைக்கூட அமுக்கிக்கிட்டாங்கன்னு பேர் வேணாம்."

ஓடினேன். சாலையோரம் மூன்று பேரும் நின்றுகொண்டிருந்தார்கள். நான் ஊக்கை நீட்டினேன்.

"வச்சுக்கச் சொல்லு, பாப்பா" என்றார் அந்த அம்மா.

"சும்மா வாங்கக் கூடாது. எங்க வீட்டுல எதுன்னாலும் மாத்தித்தான் வாங்குவோம்" என்றேன். பெருமையாகத்தான் சொன்னேன்.

அவர் தன் மஞ்சள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "எங்க வீட்டுலயும் அப்படித்தான். அப்ப நான் சொல்றதை மறக்காம போய்ச் சொல்லு. ஊக்குக்கு மாத்தா உங்க வீட்டுலேருந்து நாங்களே ஒண்ணு எடுத்துக்கிறோம். தை பொறந்ததும் வர்றோம்."

"எதை எடுப்பீங்க?"

"இருக்கிறதிலேயே நல்லதா பாத்து."

சொல்லிவிட்டு என் கன்னத்தைத் தட்டினார். அவர் கண் என் வெள்ளைக் கவுன் மேல்தான் இருந்தது என்று இன்றைக்கும் சத்தியம் செய்வேன். மாப்பிள்ளை பஸ் வருகிறதா என்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பக்கத்திலிருந்து பஸ் வராது.

வீட்டுக்கு வந்து அவர் சொன்னதை அப்படியே ஒப்பித்தேன். அம்மா மறுபடி சொல்லச் சொன்னார். சொன்னேன். அம்மா அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டார்.

"நல்லதா பாத்துன்னா சொன்னாங்க?" என்று கேட்டார் அப்பா.

"ஆமா. இருக்கிறதிலேயே."

அத்தை பாதி மடித்த ஜார்ஜெட்டோடு உள்ளே நின்றுகொண்டிருந்தார். என் கையிலிருந்து ஊக்கை எடுத்துத் தன் வளையலில் மாட்டிக்கொண்டு கிணற்றடிக்குப் போனார். குடம் எடுத்துக்கொண்டு போகவில்லை.

எனக்குக் கோபமாக வந்தது. யாரோ வந்து வீட்டில் இருக்கிற நல்ல பொருளை எடுத்துக்கொண்டு போகப்போகிறேன் என்கிறார்கள், இவர்கள் ஒருவரும் கவலைப்பட்டதாகத் தெரியவில்லை. அம்மா சிரிக்கவே ஆரம்பித்துவிட்டார். இவர்களை நம்பிப் பயனில்லை என்று நான் கவுனைக் கழற்றி மடித்து, காலியான பெரிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்து, கட்டிலுக்கு அடியில் சுவரோரமாகத் தள்ளினேன்.

தீபாவளிக்கு முன்பே அவர்கள் வெற்றிலை பாக்கோடு வந்து பேசி முடித்தார்கள். சைக்கிள் என்ற பேச்சோ கைக்கடிகாரம் என்ற பேச்சோ எழவில்லை. ஒருவர் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று மற்றவருக்குத் தெரிந்த பிறகு கேட்பதற்கு என்ன இருக்கிறது? பெரியம்மா மறந்துபோய்ச் செய்தாரா, வேண்டுமென்றே செய்தாரா என்று அம்மா கடைசிவரை அவரிடம் கேட்கவில்லை. கேட்கக் கூடாது என்பதுதானே சட்டம்.

அவர்கள் வந்தபோதெல்லாம் நான் கட்டில் பக்கத்தை விட்டு நகரவில்லை. தீபாவளிக்குக்கூட அந்தக் கவுனைப் போடவில்லை. தை பிறந்ததும் கோயிலில் கல்யாணம் நடந்தது. அன்று மாலை அத்தை அப்பாவின் காலில் விழுந்து எழுந்து, என்னைக் கட்டிப்பிடித்து என் தலையெல்லாம் நனையும்படி அழுதார். பிறகு அவர்களோடு டாக்சியில் ஏறிப் போனார். கல்யாணம் ஆனால் போய் விருந்து சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வருவார்கள் என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த பள்ளிக்கூட நாள் காலையில் சீப்பையும் ரிப்பனையும் எடுத்துக்கொண்டு வழக்கமான இடத்தில் போய் உட்கார்ந்தேன். கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். பிறகு அம்மா ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு வந்து பின்ன ஆரம்பித்தார். வலித்தது.

"அம்மா, தைதான் பொறந்திருச்சே. அந்த ஊக்குக்கு மாத்து எடுக்க எப்ப வருவாங்க?"

அம்மாவின் கை நின்றது.

"எடுத்துக்கிட்டாங்கடி" என்றார்.

பின்னல் முடியும்வரை பொறுக்க முடியவில்லை. எழுந்து ஓடிக் கட்டிலுக்கு அடியிலிருந்து டின்னை இழுத்துத் திறந்தேன். கவுன் அப்படியே இருந்தது.