சிவப்பு வளையல் போட்ட கை

உங்கள் அத்தை எந்தப் போட்டோவிலும் நிற்பதில்லை, ஏன் என்று போன பொங்கலுக்குக் கேட்டீர்கள். கூச்சம் என்று சொல்லிச் சமாளித்துவிட்டேன். அது கூச்சம் இல்லை. நான் பெரிய படிப்புப் படித்தவன் அல்ல, கோர்வையாகச் சொல்ல வராது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

அப்போது நான் மூன்றாம் வகுப்பு. என் அக்காவுக்கு, அதாவது உங்கள் அத்தைக்கு, பத்தொன்பது வயது. ஆனைக்குட்டம் பக்கத்தில் இருந்த எங்கள் ஊரிலிருந்து கம்பெனி வேனில் ஏறிப்போய், கம்பி மத்தாப்பைப் பெட்டியில் அடைக்கிற வேலை பார்த்தாள். அம்மாவின் தம்பி, எங்கள் தாய்மாமன், சிவகாசியில் ஒரு பிரஸ்ஸில் டிசைன் ஆர்ட்டிஸ்ட். வெடிக்கட்டுக்கும் மத்தாப்புப் பெட்டிக்கும் லேபிள் போடுவது அவர் தொழில். அக்கா வேலை பார்த்த கம்பெனிக்கும் அங்கிருந்துதான் பெட்டி போகும். எங்கள் சொந்தத்திலேயே ஏசி அறையில் உட்கார்ந்து வேலை பார்த்த முதல் ஆள் அவர்தான். அந்த ஏசி கம்ப்யூட்டருக்காகப் போட்டது. அதை மட்டும் நாங்கள் வெளியே சொல்லமாட்டோம்.

அக்காவை மாமாவுக்குத்தான் கட்டுவது என்று அவள் சிறுபிள்ளையாக இருந்தபோதே பேச்சு. எங்கள் பக்கம் அது வழக்கம். வருகிற தையில் வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா அதைப் பற்றி வாயே திறக்கமாட்டாள். மாமா வருகிற ஞாயிற்றுக்கிழமை மட்டும் தலையைச் சீவிவிட்டு, மறுபடியும் அவிழ்த்துச் சீவுவாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மாமா கேமராவோடு வந்தார்.

"எல்லாப் பெட்டியிலயும் அதே வெள்ளைக்காரப் பிள்ளைக. கடையில விக்கிற படச் சி.டி.யில இருந்து எடுத்து எடுத்துப் போட்டு மொதலாளிக்கே சலிச்சுப்போச்சு. புது மொகம் வேணுங்காரு. ஒன் மொகத்தத்தான் போடப்போறேன், பிள்ள."

அக்கா உள்ளே ஓடினாள். மாம்பழக்கலர் பாவாடையும் பச்சைத் தாவணியுமாக வெளியே வருவதற்குள், அவசரத்தில் பச்சை வளையல் ஒன்று உடைந்துவிட்டது. அம்மா தன் கையிலிருந்த சிவப்பு வளையலைக் கழற்றி அந்த இடத்தில் மாட்டிவிட்டாள்.

மத்தாப்பு எரிந்தால் வெளிச்சத்தில் படம் கெட்டுவிடுமாம். மாமா விளக்குமாற்றிலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி அக்காவிடம் கொடுத்தார். "எரியுதுன்னு நெனைச்சுக்கிட்டுச் சிரி. நெருப்ப நான் கம்ப்யூட்டர்ல வச்சுக்கிடுதேன்."

வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு மதினி சும்மா இருப்பாளா? "நாள் பூரா மத்தாப்புக்குள்ளயே கெடக்கிற பிள்ளைக்கு, பிடிக்க ஒரு மத்தாப்பு வாங்கிக் குடுக்க வக்கில்லையா? இவருக்கு வாக்கப்பட்டு நீ வெளங்குன மாதிரிதான்!" என்றாள். அக்கா வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பில்தான் மாமா பட்டனை அமுக்கினார்.

அதற்கப்புறம் அக்காவுக்குத் தரையில் கால் பாவவில்லை. பேக்கிங்கில் கூட வேலை பார்த்த பெண்களிடமெல்லாம் சொல்லிவிட்டாள். தீபாவளிக்கு ஊரூராகத் தன் முகம் போகப்போகிறது என்று அவள் சொல்லவில்லை. "அவுக என்னையப் போட்டிருக்காக" என்றுதான் சொன்னாளாம்.

புதுப் பெட்டிக் கட்டு கம்பெனிக்கு வந்து இறங்கிய அன்று சாயங்காலம், நான் வேன் நிற்கிற இடத்தில் கோலி விளையாடிக்கொண்டிருந்தேன். அக்கா இறங்கினாள். என்னைப் பார்க்காமல் விறுவிறுவென்று வீட்டைப் பார்த்து நடந்தாள். வேனுக்குள்ளிருந்து ஒரே சிரிப்பு.

"ஏலே, ஒங்க அக்கா ஒரே நாள்ல செவத்துட்டாளே! என்ன சோப்புப் போட்டான்னு கேட்டுச் சொல்லு!" என்று ஒருத்தி கத்தி, ஒரு காலிப்பெட்டியை என்னிடம் எறிந்தாள்.

பெட்டியில் இருந்தது வேறொரு பெண். பால் நிறம், பூனைக்கண். கழுத்துக்குக் கீழே மாம்பழக்கலர் பாவாடை, பச்சைத் தாவணி. கையில் பொறி பறக்கும் மத்தாப்பு. அந்தக் கையும் வெளுப்புத்தான். ஆனால் பச்சை வளையல்களுக்கு நடுவே ஒரு சிவப்பு வளையல் இருந்தது.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. "கை எங்க அக்கா கை! வளையலப் பாருங்க!" என்று தெரு முழுக்கப் பெட்டியைக் காட்டிக்கொண்டே ஓடினேன். வீட்டுக்குள் வந்ததும் அக்கா அதைப் பிடுங்கி அடுப்பில் போட்டாள். நான் அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமா சாத்தூர்ச் சேவோடு வந்தார். "என்னலே இப்படிச் செஞ்சுட்ட? பிள்ள நாலு பேருகிட்டச் சொல்லி வச்சிருக்கா" என்றாள் அம்மா.

"நான் என்னக்கா செய்ய? வடக்க போற லோடு, மொகம் இருட்டா இருக்கு, அங்கன எடுபடாதுன்னுட்டாரு மொதலாளி. மொகத்துக்குக் கலரக் கூட்டிப் பார்த்தேன், சரியா வரல. தலைய மாத்திட்டேன்." பையிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, கழுத்துப் பக்கம் விரலை வைத்துக் காட்டினார். "ஒட்டு தெரியுதா சொல்லு பாப்போம்? அம்புட்டு வேலை இதுல."

உண்மையிலேயே தெரியவில்லை. நான் கண்ணைக் கிட்டே வைத்துப் பார்த்தேன். என் மாமா எம்புட்டுப் பெரிய கெட்டிக்காரர் என்று நினைத்தேன்.

அக்கா தண்ணீர்ச் செம்போடு வந்தாள். செம்பைக் கீழே வைக்காமலே கேட்டாள்.

"மொதலாளி சொன்னத விடுங்க மாமா. ஒங்க கண்ணுக்கு எது நல்லா இருந்துச்சு?"

மாமா பெட்டியைக் கொஞ்சம் தள்ளிப் பிடித்து, தலையைச் சாய்த்துப் பார்த்தார். தொழிலில் நேர்மையானவர்.

"பொய் சொல்லக் கூடாதுல்ல? இதுதான் எடுப்பா இருக்கு."

"சரி" என்று சொல்லிச் செம்பைக் கொடுத்தாள்.

அன்றைக்கே அம்மாவிடம், தைக்கு எதுவும் பேச வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். "ஒரு அட்டைப்பெட்டிக்காகவாடி?" என்று அம்மா திட்டினாள், அழுதாள், சாமி கும்பிட்டாள். அக்கா அசையவில்லை. ஏன் என்று கேட்க மாமாவும் வரவில்லை. அடுத்த வைகாசியில் மதுரைப் பக்கம் பெண் எடுத்தார். நல்ல நிறம் என்று ஊரே சொன்னது. பத்திரிகையை அவரே டிசைன் செய்திருந்தார், அழகாகத்தான் இருந்தது.

அக்கா வேலையை விடவில்லை, விட்டால் வீட்டில் அடுப்பு எரியாது. அந்த சீசன் முடிகிறவரைக்கும், தன் கையும் யாரோ ஒருத்தியின் முகமும் இருந்த பெட்டியில் மத்தாப்பை அடுக்கி, மூடி, அடுத்த பெட்டியை எடுத்துக்கொண்டிருந்தாள்.

நான் அவளோடு ரொம்ப நாள் பேசவில்லை. கல்யாணம் முடிந்தால் ஏசி அறையில் கம்ப்யூட்டரைத் தொடவிடுவதாக மாமா சொல்லியிருந்தார். அதை அவள் கெடுத்துவிட்டாள் என்று எனக்குக் கோபம். ஒரு பெட்டி எடுப்பாக இருக்கிறதா இல்லையா என்பதற்கா இவ்வளவு வீம்பு என்று நினைத்தேன். மாமாவிடம் அவள் கேட்டது பெட்டியைப் பற்றித்தான் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன்.